டர்போவுக்குப் பந்தி பரிமாறிய கதை

பொருளாதாரப் பாடத்தில் ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ என்று ஒன்று உண்டு. பசித்தவனுக்கு முதல் இட்லி அமிர்தம், போகப்போகச் சுமார், அதற்குமேல் வைத்தால் தண்டனை. இந்த விதியைக் கல்லூரியில் வருஷாவருஷம் கரும்பலகையில் கோடு போட்டு விளக்கிச் சம்பளம் வாங்கிய ஒரு மனிதன், தன் சொந்த வண்டியின் எஞ்சினுக்கு அளவுக்கோட்டைத் தாண்டி எண்ணெய் ஊற்றி அதன் டர்போவைக் கொன்றான். அந்த மனிதன் நான். எண்ணெய் ஊற்றும்போது என் முகத்தில் புன்னகை இருந்ததாகவும், ‘நல்லா சாப்பிடு’ என்று எஞ்சினிடம் சொன்னதாகவும் என் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொன்னேன். மறுக்கவில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கும் உத்தேசமும் இல்லை. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வண்டி, கைமாறி வந்த டீசல் வேன். பின்கதவில் ‘டர்போ’ என்று சிவப்பில், சாய்ந்த எழுத்தில் போட்டிருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் அந்த வார்த்தைக்கு ஒரு தனி மரியாதை. ஜங்ஷனில் நிறுத்தினால் ஆட்டோக்காரர்கள் பின்னால் வந்து நின்று படித்துவிட்டுப் போவார்கள். அந்த எழுத்துக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்ல வெட்கமில்லை. பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளைப் பார்த்துத்தானே எனக்கும் வேலை கொடுத்தார்கள், பெண்ணும் கொடுத்தார்கள்.

பெண் கொடுத்த வீட்டில் மூத்தவர் என் மனைவியின் அண்ணன்; எனக்கு அத்தான். வருவாய்த்துறையில் உத்தியோகம். நிலத்தை அளப்பதுபோலவே மனிதர்களையும் அளப்பார். என்னை அளந்தபோதெல்லாம் கொஞ்சம் குறைவாகவே வந்திருக்கிறது. அவருக்கு ஒரே மகள். முந்தின வருஷம் அவளுக்கு வந்த காய்ச்சல் டைபாய்டாகி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் முகத்தைப் பார்த்துப் பேசாமல் போகும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போது அத்தான் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டார்: பிள்ளை பிழைத்தால் தசராவுக்குக் காளி வேஷம் கட்டி, சூரசம்ஹாரம் நடக்கும் நேரத்தில் அவளையும் கையில் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நிற்பேன்.

பிள்ளை பிழைத்தாள். அத்தான் காப்புக் கட்டினார். தேவாரம் படிக்கிற வீட்டில் கரி பூசிய காளியா என்று சொந்தத்தில் சிரித்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் நேராகவே கேட்டார்கள். “ஆமா, காளிதான். கூட நாக்கும் உண்டு. பாக்கணும்னா குலசைக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார். அந்த ஒரு பதிலுக்காக அவரிடம் எனக்கு மதிப்பு வந்தது. அதனால்தான் நான் கூட்டிப்போகிறேன் என்றேன்.

“ஒரு கார் பேசிருவமா மாப்ளே? ஒம்ம வண்டிய நம்பி அம்மன்ட்டப் போவ முடியாது.”

“அத்தான், இது டர்போ.”

“அதத்தாம்வே நானும் சொல்லுதேன்.”

இதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? பேட்டையில் எனக்குப் பழக்கமான பட்டறையில் கொண்டுபோய் விட்டு, ஆயுத பூசைக்கு முந்தின நாள் முழு சர்வீஸ் செய்தேன். மெக்கானிக் பழைய எண்ணெயை வடித்து, வடிகட்டியை மாற்றி, காற்றுக்குழாயைக் கழற்றித் துடைத்து, அதன் முனையில் இருந்த நத்தைக்கூடு மாதிரி சமாசாரத்தைக் காட்டினார். அதுதான் டர்போ. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் உள்ளே ஒரு சின்னக் காற்றாடி சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி, வெளிக்காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் அமுக்குகிறது. அச்சு எண்ணெயில் மிதந்துகொண்டே சுற்றும். எண்ணெய் கீழே வடிந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் விஷயம். மெக்கானிக் புது எண்ணெயைக் கோடு வரைக்கும் ஊற்றி, அளவு பார்க்கும் கம்பியை உருவிக் காட்டினார். சரியாக இருந்தது. டின்னில் மிச்சமிருந்ததை மூடி என் கையில் கொடுத்தார்.

மறுநாள் ஆயுத பூசை. எங்கள் வீட்டில் அன்றைக்கு உயிரில்லாத எதுவும் பசியோடு இருக்கக்கூடாது. அரிவாள்மனைக்குச் சந்தனம், தையல் மெஷினுக்குக் குங்குமம், மிக்ஸிக்குப் பூ. புத்தகங்கள் எல்லாம் மனைப்பலகையில் ஏறிவிட்டன. அவற்றோடு வண்டியின் கைப்புத்தகமும், ஸ்பானர் பையும். வேனுக்கு வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பொரிகடலை தூவி, மூடியைத் திறந்து எஞ்சினுக்கும் ஒரு பொட்டு வைத்தாகிவிட்டது. நாளைக்கு நீண்ட பயணம். கையில் டின். எங்கள் பக்கத்துப் பந்தியில் போதும் என்று இலையைக் கையால் மறைத்தால், விரல் இடுக்கில் ஊற்றுவார்கள். நான் அந்தப் பந்திகளில் வளர்ந்தவன். கோட்டுக்கு மேலே ஊற்றாதே என்று கைப்புத்தகத்தில் எழுதியிருந்தது எனக்குத் தெரியும். ஆனால் நான் படித்தவன். எழுதியவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் எச்சரிப்பார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு. டின் காலியாகும்வரை ஊற்றினேன்.

விஜயதசமி அன்று மத்தியானம் கிளம்பினோம். நான், என் மனைவி, எனக்கு மருமகள் முறையான அத்தான் மகள், காளி. வேஷம் கட்டிவிட்டால் கோயில் போகும்வரை கலைக்கக்கூடாது என்பதால் அத்தான் கிரீடத்தோடுதான் ஏறினார். கிரீடம் கூரையில் இடித்தது. முதுகில் கட்டிய மரக் கைகள் பின்சீட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டன. மருமகள் இரண்டு கைகளுக்கு நடுவே முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் தகர நாக்கு. பேசவேண்டுமானால் உருவ வேண்டும். ஊர் தாண்டும் வரை அவர் பேசவில்லை என்பதை நான் வண்டிக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

தென்திருப்பேரை தாண்டி, கடம்பாக்குளத்துக் கரையை ஒட்டிப் போகும்போது ஒரு விசில் சத்தம் கேட்டது. பிறகு தகரத்தை நகத்தால் கீறுவதுபோல ஒரு சத்தம். பிறகு நான் மிதிக்காமலே வண்டி வேகமெடுத்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் ரோடே இல்லை. வெள்ளையும் நீலமுமாகப் புகை. காலை எடுத்தேன், வேகம் குறையவில்லை. கிளட்சை அமுக்கி ஓரம் கட்டினேன். எஞ்சின் மட்டும் ‘ஓ’வென்று அலறிக்கொண்டு ஏறிக்கொண்டே போனது. சாவியைத் திருப்பினேன். உருவினேன். சாவி என் கையில் இருந்தது. எஞ்சின் அதைக் கண்டுகொள்ளவில்லை.

விஷயம் என்னவென்றால், கீழே எண்ணெய் கழுத்துவரை நிரம்பியிருந்ததால் டர்போவிலிருந்து வடிய வேண்டிய எண்ணெய்க்கு இறங்க இடமில்லை. அது அச்சின் அடைப்பை உடைத்துக்கொண்டு காற்றுக்குழாய் வழியாக எஞ்சினுக்குள்ளேயே போய்விட்டது. எஞ்சின் டீசலை விட்டுவிட்டு, நான் பாசத்தோடு ஊற்றிய எண்ணெயைக் குடித்து ஓடிக்கொண்டிருந்தது. இனி அதற்குச் சாவியும் வேண்டாம், நானும் வேண்டாம்.

அத்தான் நாக்கை உருவினார். “சாவியப் புடுங்கும்வே!”

“புடுங்கிட்டேன் அத்தான்!”

“பொறவு எப்படிவே ஓடுது?”

அவர் மகளை இழுத்துக்கொண்டு இறங்கினார். புகைக்கு நடுவே, எட்டுக் கையோடு, கரிய முகத்தோடு, சூலமும் வாளுமாக. அந்த நேரம் பார்த்து வாழைத்தோட்டத்தில் வேலை முடிந்து நாலைந்து பெண்கள் ரோட்டுக்கு ஏறினார்கள். பார்த்த மாத்திரத்தில் ஒருத்தி குலவையிட்டாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். “ஆத்தா எம்புட்டு உக்கிரமா வாராடி பாரு! பூமியே பொகையுது!” கூடையை இறக்கி வைத்துவிட்டு ரோட்டிலேயே விழுந்து கும்பிட்டார்கள்.

“ஏ சவத்து வண்டி! நிப்பாட்டித் தொலையும்வே!” என்று காளி கத்தினாள்.

“யாரையோ வையுதா. எவன் செஞ்ச பாவமோ” என்றாள் ஒரு பெண், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

நான் செய்த பாவம்தான். பிரேக்கில் முழு எடையையும் வைத்து, கடைசி கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தேன். வேன் ஒரு துள்ளு துள்ளி, இருமி, செத்தது. அந்த அமைதியில் குளத்துத் தவளைச் சத்தம் கேட்டது.

அந்தப் பெண்களில் மூத்தவள் அத்தான் முன்னால் போய் நின்றாள். “ஆத்தா, எம்மவனுக்கு எப்பக் கல்யாணம் ஆவும்? ஒரு வாக்குச் சொல்லு.”

அத்தான் என்னைப் பார்த்தார். “இந்த வண்டி என்னைக்கு நேரா ஓடுதோ, அன்னைக்கு ஆவும்” என்றார். அவள் திருநீறு வாங்கிக்கொண்டு நிறைவாகப் போனாள். அவனுக்குக் கல்யாணம் ஆனதா என்று தெரியவில்லை.

பெண்கள் போனதும் குடும்பம் கூடியது. “பேட்டைக்காரன் என்னமோ செஞ்சு விட்டுட்டான். முந்தாநேத்துத்தான தொட்டான்” என்றாள் என் மனைவி.

“அவன் பட்டறைய நாளைக்கே அளக்கேன். பொறம்போக்குல ஒரு சாண் இருந்தாலும் போதும், தகரத்தப் பிரிச்சுருவேன்” என்றார் அத்தான். வேஷத்துக்குள்ளிருந்து உத்தியோகம் எட்டிப்பார்த்தது. அவர் செய்யக்கூடியவர்.

இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. “அத்தான், அவன் சரியாத்தான் ஊத்துனான். மிச்சத்த நான் ஊத்துனேன்.”

“எந்த மிச்சத்த?”

“டின்னுல இருந்தத. எல்லாத்தையும்.”

“எதுக்குவே?”

“நேத்து எல்லாத்துக்கும் படைச்சோம்லா...”

அவர் கிரீடத்தோடு என் பக்கம் திரும்பினார். காளியின் கண்ணால் ஒருவன் பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பிறகு மெதுவாக, “பட்டறை தப்பிச்சுது” என்றார்.

பஸ்கள் படிக்கட்டுவரை பிதுங்கிக்கொண்டு போயின. எட்டுக் கைகள் ஏற இடமில்லை. வேஷம் கட்டிப் போகும் ஒரு தசரா செட்டின் லாரி மேளம் அடித்துக்கொண்டே வந்து நின்றது. மேலே குரங்கும் எமனும் போலீஸ்காரரும் நெருக்கியடித்து நின்றார்கள். எமன் குனிந்து, “அண்ணாச்சி, காளி மட்டும் ஏறட்டும். ஒத்த ஆளுக்குத்தான் எடமிருக்கு” என்றான்.

அத்தான் லாரியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். “புள்ளைய இங்கன விட்டுட்டு நான் மட்டும் அங்கன போயி என்னத்தச் செய்ய? நேந்தது இவளுக்காவல்லா” என்றார். லாரி போய்விட்டது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பெரிய மனிதர், கரி வழிய, சாலை ஓரத்துக் கல்லில் கைகளை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். மகள் அவர் கிரீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. வண்டிமேல், எண்ணெய்மேல், கைப்புத்தகத்தின்மேல், கல்யாண வீட்டில் சிரித்தவர்கள்மேல். கெடுத்தவன் நான், சரி. அதற்காகக் கல்லில் உட்கார வேண்டுமா? காற்று டர்போ வழியாக வருவதால்தானே எண்ணெயும் கூடவே வருகிறது? நடுவில் இருக்கும் தரகனை நீக்கிவிட்டால்? பொருளாதாரத்தில் நான் முழுமனதோடு நம்புகிற ஒரே சித்தாந்தம் அதுதான். டர்போவை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டால், எஞ்சின் நேராக ரோட்டுக் காற்றைச் சுவாசித்துக்கொள்ளும். பலம் இருக்காது. நகரும். குழாயை ஒரு பட்டி இறுக்கியிருந்தது. பட்டியில் ஒரு திருகாணி.

“ஸ்பானர் பை எங்க?” என்று கேட்டேன்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். “சாமி ரூம்ல. காலைல எடுக்கணும்னு நெனச்சேன், கெளம்புத அவசரத்துல...”

கருவிகள் எல்லாம் வீட்டில், சரஸ்வதி முன்னால், சந்தனப் பொட்டோடு பத்திரமாக இருந்தன. இந்தத் தப்பு எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் வரும். வண்டிக்குப் பூசை செய்வோம், வண்டியைப் பழுதுபார்க்கும் கருவிக்கும் பூசை செய்வோம், இரண்டும் ஒரே இடத்தில் இருக்க விடமாட்டோம்.

நான் அத்தானிடம் போனேன். “வாளக் குடுங்க.”

“என்னது?”

“வாளு. நுனி மெலிசா இருக்கு. திருகாணிக்குச் சரியா வரும்.”

அவர் எழுந்துவிட்டார். “கோட்டி புடிச்சிட்டாவே ஒமக்கு? அது அம்மன் ஆயுதம்!”

“நேத்து எல்லா ஆயுதத்துக்கும் பூச போட்டோம் அத்தான். பூச வாங்குன ஆயுதம் வேல செய்யணும்லா. தகரத்துல வெட்டி வச்ச வாளு, சூரன வேற வெட்டப் போவுதாக்கும்? குடுங்க. புள்ள கடக்கரையில நிக்கணுமா வேண்டாமா?”

அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுவரை இல்லை. என் மனைவி வானத்தைப் பார்த்தாள். அத்தான் பல்லைக் கடித்தார். பிறகு, எல்லைத் தகராறில் எதிராளிக்கு ஒரு முழம் விட்டுக்கொடுப்பவரைப்போல, வாளைப் பிடி என் பக்கமாக நீட்டினார்.

நுனி வளைந்தது, திருகாணி சுழன்றது. குழாய் வந்துவிட்டது; உள்ளே எண்ணெய் சொட்டியது. காற்றாடியை விரலால் தொட்டேன். விழப்போகிற பல் மாதிரி ஆடியது. எஞ்சின் பக்கத்துக் குழாய் வாயில் தூசி போகாமல் இருக்க, என் வேட்டியின் ஓரத்தைக் கிழித்து வலைபோலக் கட்டினேன். சட்டைக்குக் கீழே மிச்சமிருந்த வேட்டி மரியாதைக்குப் போதுமானதாக இல்லை. அதைப் பற்றி யாரும் அப்போது பேசவில்லை.

சாவியைப் போட்டேன். பிடித்தது. அலறவில்லை. நிறுத்திப் பார்த்தேன், சொன்னபடி நின்றது. மறுபடி பிடித்தது.

அதன்பிறகு நாங்கள் போனதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. சைக்கிள்கள் முந்தின. ஒரு கரடியும் சிவபெருமானும் ஒரே மொபெட்டில் எங்களைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தார்கள். டர்போவிலிருந்து கசிந்த எண்ணெய் இப்போது புகைக்குழாய் வழியாகப் போய்க்கொண்டிருந்ததால், கடந்துபோன ஊர்களிலெல்லாம் குலவை கேட்டது. குரும்பூர் தாண்டி ஒரு மேட்டில் வேன் நின்று, யோசித்து, ஒரு கணம் பின்னால் உருளப் பார்த்தது. “எறங்குதோம்” என்றாள் என் மனைவி. “யாரும் எறங்கக்கூடாது!” என்று நான் கத்தினேன். முதல் கியரில், பல்லைக் கடித்துக்கொண்டு, அதை மேலே ஏற்றினேன். நடுவில் இரண்டு தடவை நிறுத்திக் கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் முதலில் மேல்கோட்டுக்கு இறங்கியிருந்தது, பிறகு அதற்குக் கொஞ்சம் கீழே. கீழ்க்கோட்டைத் தொடவில்லை.

போலீஸ்காரர்கள் வண்டிகளை மறித்த இடத்தில் வேனை விட்டுவிட்டு, மீதியை நடந்து, இருட்டுவதற்குள் கடற்கரை மணலில் கால் வைத்தோம். சம்ஹாரம் நடந்தபோது அத்தான், வளைந்த வாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறுகையில் மகளின் கையைப் பிடித்தபடி நின்றார். நாக்கு வாயில் இருந்தது. கண்ணில் வழிந்தது மட்டும் கரியைக் கோடு போட்டு இறங்கியது. நான் கொஞ்சம் தள்ளி, வண்டி துடைக்கப் போட்டிருந்த என் மனைவியின் பழைய சேலை ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன். அந்தக் கூட்டத்தில் அதையும் ஒரு வேஷம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காப்புக் கழற்றிக் கடலில் குளித்து, காதோரம் மட்டும் கரி மிச்சமிருக்க அத்தான் கரையேறியபோது, நான் காத்திருந்து சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். “அத்தான், ஒண்ணு யோசிச்சிப் பாருங்க. பேட்டைக்காரன் ஊத்துன அளவு மட்டும் இருந்து, டர்போ வேற எதுலயாவது போயிருந்தா, ஒழுகுன ஒழுக்குக்கு குரும்பூர்லயே எஞ்சின் காஞ்சு போயிருக்கும். நான் கூட ஊத்துனதுதான் வழியெல்லாம் ஒழுகிச்சு. நம்மளக் கொண்டு சேத்ததே அந்த மிச்ச எண்ணெதான்.”

அத்தான் துண்டால் காதைக் குடைந்துகொண்டே கேட்டார். கோபப்படவில்லை.

“எண்ணெ இல்லவே மாப்ளே. அந்த மேட்டுல வண்டி பின்னால உருளப் பாத்துச்சுல்லா, அப்ப அம்மன்ட்ட இன்னொண்ணு நேந்துக்கிட்டேன். இன்னைக்கி உசுரோட கொண்டு சேத்துரு தாயே, வார வருசம் வீட்டுலருந்து நடந்தே வாரேன்னு.”

“நானுந்தாம்பா” என்றாள் மருமகள், பாவாடையைப் பிழிந்துகொண்டே.

ஒரு ஆதரவுக்காக நான் என் மனைவியைப் பார்த்தேன்.

“எனக்கு அம்புட்டுத் தூரம் நடக்க முடியாது. நான் பஸ்ஸுல வாரேன்னு நேந்திருக்கேன்” என்றாள்.